மாட் சிப் பற்றவைப்பு
பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவியின் மின்சுற்றுப் பலகையில் கூடுதல் சிப் ஒன்றைச் சால்டரிங் செய்து பொருத்தும் வேலை. 63/37 வெள்ளீய-காரீயக் கலவை 183° செல்சியசில் உருகும். காரீயம் கலக்காத வகைக்கு ஏறத்தாழ 217° வேண்டும். புதியவருக்கு முன்னதே எளிது. புகையை மட்டும் முகர வேண்டாம். சூடேற வேண்டியது ஈயக்கம்பி அல்ல, இணைப்புப் புள்ளி. அங்கே சால்டரிங் கருவியின் முனையை நெடுநேரம் அழுத்தினால் செம்புத் தடம் உரிந்துவிடும். அதை மீட்பது பெரும்பாடு. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கடலோர ஈரக்காற்றில் செம்பு எளிதில் களிம்பேறும். துடைத்து ஃப்ளக்ஸ் தடவாவிட்டால் ஈயம் சரியாக ஒட்டாது. பழுதான ரேடியோப் பலகையில் கைபழகியபின் கருவியைத் திறப்பதே புத்திசாலித்தனம். பதிப்புரிமையை மீறும் நோக்கில் இத்தகைய சிப்பால் கருவியின் பாதுகாப்புப் பூட்டை முறிப்போருக்கு, 2012 திருத்தத்தில் வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65ஏ இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.