தேசிய தகவலியல் மையச் சான்றிதழ் விவகாரம், 2014

இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் வழியாகக் கூகுள், யாகூ தளங்களின் பெயரில் முறையற்ற எண்மச் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது 2014 சூலையில் தெரியவந்தது. இணைய உலாவியின் மறையாக்கப் பாதுகாப்பு எவற்றை நம்பி நிற்கிறது என்பதை இந்தியாவில் வெளிப்படுத்திய நிகழ்வு இதுவாகும்.

பின்னணி

உலாவியில் பூட்டுக் குறி தெரிந்தால் இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்று பொருள். மறுமுனையில் இருப்பது உண்மையான தளம்தானா என்பதைச் சான்றிதழே உறுதி செய்கிறது. போலிச் சான்றிதழ் வைத்திருப்பவரால் பயனரின் இணைப்பை இடைமறிக்கவும் முடிந்தால், தம்மையே அந்தத் தளமாகக் காட்டிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் படிக்கலாம். பூட்டுக் குறி அப்போதும் மாறாமல் இருக்கும். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் ஊடுருவப்பட்டபோது ஈரானியப் பயனர்களுக்கு இதுவே நேர்ந்தது. அந்நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது.

இந்தியாவில் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு உரிமம் தருபவர், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி நியமிக்கப்படும் சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர் ஆவார். அவரது வேர்ச் சான்றிதழை மைக்ரோசாப்ட் ஏற்றிருந்ததால், விண்டோசில் இயங்கிய இன்டர்நெட் எக்சுபுளோரரும் குரோமும் அதை நம்பின. தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்த பயர்பாக்சில் அச்சான்றிதழ் இல்லை. எனவே அதன் பயனர்களுக்குப் பாதிப்பில்லை.

நிகழ்வுகள்

சூலை 2 அன்று இச்சான்றிதழ்களைப் பற்றி அறிந்த கூகுள், குரோமில் அவற்றைத் தடுத்து, மையத்துக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் மைக்ரோசாப்டுக்கும் தகவல் தந்தது. மறுநாளே மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டாளர் செல்லாதவையாக்கினார். மையத்தின் வழங்கல் செயல்முறை ஊடுருவப்பட்டதாகவும், தவறாக வெளியானவை 4 சான்றிதழ்கள் மட்டுமே என்றும், முதலாவது சூன் 25 அன்று வெளியானது என்றும் கட்டுப்பாட்டாளர் தரப்பு தெரிவித்தது. அந்த நான்கில் அடங்காத சான்றிதழ்களும் தன் கவனத்துக்கு வந்துள்ளதாகக் கூகுள் கூறியது. சூலை 10 அன்று மைக்ரோசாப்டும் நடவடிக்கை எடுத்தது.

விளைவுகள்

பாதிப்பின் முழு அளவு தெளிவாகாததால், இந்தியக் கட்டுப்பாட்டாளரின் கீழ் வரும் சான்றிதழ்களைக் குரோம் 7 ஆள்களங்களுக்கு மட்டும் ஏற்பதாகக் கூகுள் அறிவித்தது. அரசுத் தளங்களுக்கான ஜிஓவி.இன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏசி.இன் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தவறு எங்கு நேர்ந்தாலும் விரைவில் வெளிப்பட, ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்னும் முறை பின்னர் வலுப்பெற்றது. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்களுக்குக் குரோம் இதனைக் கட்டாயமாக்கியது.