காட்டுப்பூ

விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இல்லாமல் தானே முளைத்துப் பூக்கும் செடி, கொடி, மரங்களின் மலரைக் குறிக்கும் பொதுச்சொல். கன்னடத்தில் 'காடு ஹூ'. இரு மொழிக்கும் பொதுவான 'காடு' அடர்வனத்தை மட்டும் சுட்டுவதில்லை. கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் மானாவாரி நிலத்துக்கு வேலைக்குப் போவது. ஆகவே வரப்பில் பூக்கும் தும்பையும் காட்டுப்பூவே.

பழந்தமிழர் பூவை கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று வகுத்தனர். எதில் பூத்தது என்றே பார்த்தார்கள். யார் வளர்த்தார் என்று கேட்கவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. பெரும்பாலானவை மலையிலும் சுனையிலும் தாமே பூத்தவை. அரிசி அளவே உள்ள வெள்ளைத் தும்பைப்பூவைப் பிடுங்கி அடிக்காம்பில் தேன் உறிஞ்சாத கிராமத்துப் பிள்ளை குறைவு. அந்தச் சிறு பூவின் பெயரைத்தான் இரு வேந்தர் நேர்நின்று பொரும் போருக்கு இலக்கணம் வைத்தது. கன்னடத்தில் அது 'தும்பெ'. சிவராத்திரிப் பூசைக்கு உரியது.

பூ விலைப்பொருளான பிறகே 'காட்டு' என்ற அடைமொழி மதிப்புக் குறைவையும் ஏற்றது என்று கொள்ளலாம். காட்டுமல்லி, காட்டாமணக்கு என்ற பெயர்களில் வீட்டினத்துக்கு அடுத்தபடி என்ற தொனி உண்டு. பெங்களூரிலோ அச்சொல் இறைவன் பெயரிலேயே நிலைத்திருக்கிறது: காடு மல்லேஸ்வரர். பின்னாளில் தஞ்சையை ஆண்ட வெங்கோஜி 1669இல் இக்கோயிலுக்கு ஓர் ஊரைக் கொடையளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயிலைச் சுற்றி எழுந்த குடியிருப்பே மல்லேஸ்வரம்.

மண்ணுக்குரியது என்ற பொருள் காட்டுப்பூ என்ற சொல்லில் இல்லை. அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி, பன்னேர்கட்டா முதல் மாதேஸ்வரன் மலை வரை காட்டுக்குள் படர்ந்து, மற்றச் செடிகளை நெருக்குகிறது. அதன் தண்டைக் கொண்டு சோலிகர் பழங்குடியினர் நாற்காலியும் கூடையும் முடைகிறார்கள்.

செங்காந்தள் இதற்கு நேர்மாறு. தமிழர் பூக்கும் மாதத்தை வைத்து அதைக் கார்த்திகைப்பூ என்றார்கள். கன்னடர் கௌரிப் பண்டிகையை வைத்து 'கௌரி ஹூ' என்றார்கள். வேலியில் தானே ஏறிய அந்தக் கொடி இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்து விதைக்காகப் பந்தலிட்டு, கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடப்படுகிறது.