மின்வண்டி வந்த வழி

மின்சாரத்தால் ஓடும் வண்டியை இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். வீதியில் ஓசையின்றி ஒரு கார் கடந்து போனால், எதிர்காலமே கண்முன் போவதாக வியக்கிறோம். ஆனால், வரலாற்றைப் புரட்டுபவனுக்கு அந்த வியப்பு நீடிப்பதில்லை. காள் பென்ஸ் என்ற ஜெர்மானியர் தமது பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886ஆம் ஆண்டில். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1881இல், குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகர வீதியில் பற்றரியால் இயங்கும் முச்சக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டிவிட்டார். எனவே மின்வண்டி, பெற்றோல் வண்டிக்கு மூத்த பிள்ளையாகும்.

மூத்த பிள்ளை வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது ஏன்? ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் அழைக்கப்படுவது ஏன்? இந்த இரு வினாக்களுக்கும் விடை காண முயல்வது, மன்னார்த் தீவில், நகரை அடுத்த கீரிக் கடற்கரையில் வாழும் மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

மின்வண்டியின் உயிர் பற்றரி. 1859இல் காஸ்தோன் பிளாந்தே ஈயப் பற்றரியை ஆக்கினார். அதுவே மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க முதற் பற்றரி. அதன் வலுவில் வண்டிகள் பெருகின. 1899இல் காமீ ஜெனட்சி என்ற பெல்ஜியர் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். வீதியில் ஓடும் வண்டிகளில் அந்த வேகத்தை முதன்முதல் எட்டியது மின்வண்டியே. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரத்தால் ஓடியது. கைப்பிடியைச் சுழற்றிக் கைமுறிய வேண்டியதில்லை, புகையில்லை, நாற்றமில்லை. பெற்றோல் காரை உற்பத்தி செய்து பெருஞ்செல்வம் திரட்டிய ஹென்றி போர்டின் மனைவியாரே மின்காரைத்தான் ஓட்டி வந்தார்.

மின்னேற்றும் வசதிக்கான முயற்சியும் அன்றே தொடங்கியது. அமெரிக்காவில் ஹாட்போர்ட் நகர மின்சார நிறுவனம் பற்றரி இல்லாத லொறிகளை வணிகருக்கு விற்று, ஓடித் தீர்ந்த பற்றரியை நிலையத்தில் மாற்றிக் கொடுத்து, ஓடிய தூரத்துக்கேற்பக் கட்டணம் பெற்றது. இன்று புதிய கண்டுபிடிப்பாக விளம்பரப்படுத்தப்படும் பற்றரி மாற்று முறை, முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே நடைமுறையில் இருந்த ஒன்று.

இவ்வளவும் இருந்தும் மின்வண்டி தோற்றது. 1901இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது, பெற்றோல் மலிந்தது. 1908இல் போர்டின் மலிவான கார் வந்தது. 1912இல் சாள்ஸ் கெட்டரிங் ஆக்கிய மின் தொடக்கி பெற்றோல் காரிலேயே பொருத்தப்பட்டது. கைப்பிடியின் தொல்லை நீங்கியது. இவற்றைப் பாடநூல்கள் சொல்லும். ஆனால், அவை போதிய அழுத்தத்துடன் சொல்லாத காரணம் ஒன்றுண்டு. மின்சாரக் கம்பி அன்று நகரங்களில் மட்டுமே இருந்தது. இலாபம் குறைவான கிராமங்களுக்குக் கம்பி இழுக்கத் தனியார் நிறுவனங்கள் முன்வரவில்லை. 1930களின் நடுப்பகுதியில் அரசு தலையிட்ட பின்னரே அமெரிக்கக் குடியானவனின் வீட்டில் பரவலாக விளக்கெரியத் தொடங்கியது. பெற்றோலோ தகரத்தில் அடைபட்டு எந்தப் பெட்டிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பி போகாத ஊருக்குப் பெற்றோல் போயிற்று. பெற்றோல் போன வழியே சந்தையும் போயிற்று. வண்டியின் தலைவிதியைத் தீர்மானித்தது அதன் சக்கரமன்று. அதற்கு உணவூட்டும் வழி யார் கையில் இருந்தது என்பதே.

நம் நாடுகளில் நிகழ்ந்ததும் இந்த நியதிக்குப் புறம்பானதன்று. 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் சென்னை வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது அது. 1899இல் கொழும்பிலும் டிராம் வந்தது. பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கில வணிக நிறுவனம் அதனை நடத்தியது. கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் தொழிலாளரையும் எழுதுவினைஞரையும் சுமந்து சென்ற அந்த வண்டிகள், சாதாரண மனிதன் ஏறிய முதல் மின்வண்டிகள். அவற்றை ஓட்டியவர்களின் வாழ்வோ இருண்டே கிடந்தது. 1929இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மருதானையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் முக்கிய ஏடுகளுள் ஒன்று மின்வண்டியின் தண்டவாளத்தின் மேல் எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1944இல் கொழும்பு மாநகர சபை டிராமைப் பொறுப்பேற்றது. 1953இல் மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பேருந்துகளையும் ஓடவிட்டது. ஆனால் பெற்றோலும் டீசலும் மலிந்திருந்த காலம் அது. 1953 ஏப்ரிலில் சென்னை டிராம் நின்றது. 1960இல் கொழும்பு டிராம் நின்றது. 1964இல் கொழும்பின் மின்பேருந்தும் நின்றது. கம்பிகள் கழற்றப்பட்டன, தண்டவாளங்கள் தாருக்கு அடியில் புதைந்தன. கையிலிருந்த பொதுச்சொத்தைப் பழம்பொருளெனக் கழித்துவிட்டு, கடல் கடந்து வரும் எண்ணெய்க்கு நம்மை நாமே அடகு வைத்தோம்.

இந்த இடத்தில் ஒரு பொறியியலாளரை நினைவுகூர்தல் தகும். 1918ஆம் ஆண்டில், டி. ஜே. விமலசுரேந்திர, இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறும் திட்டத்தைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரையாக வைத்தார். குடியேற்ற ஆட்சியின் அலுவலகங்களில் அது இழுபட்டது. 1924இல் தொடங்கிய வேலை இடையில் நின்றது. அவரோ மனந்தளராது, பதவியைத் துறந்து, 1931இல் அரசாங்க சபைக்கே உறுப்பினராகச் சென்று அந்தத் திட்டத்துக்காக வாதாடினார். லக்சபானா நிலையம் இயங்கியது 1950இல். ஒரு நல்ல திட்டம் வரைபடத்திலிருந்து கம்பிக்கு வர முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன! தொழில்நுட்பம் தெரிந்தவன் மேசையோடு நின்றுவிடலாகாது, மக்கள் மன்றத்துக்கும் வரவேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அந்த மரபு அற்றுப்போய்விடவில்லை. 1991இல் லிதியம் அயன் பற்றரி விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய மூவருக்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. எடை குறைந்த அந்தப் பற்றரியே மூத்த பிள்ளையை மீண்டும் வீட்டுக்கு அழைத்தது. தமிழ்நாட்டில், 2008இல் கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கி, மலிவான மின்சார ஸ்கூட்டர்களை ஆக்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் என்ற இளைஞர் இருவர் 2013இல் ஏதர் நிறுவனத்தை நிறுவினர். வண்டியை விற்றால் மட்டும் போதாது, ஏற்றுமிடமும் வேண்டும் என்று கண்டு, விற்பனை தொடங்கிய 2018ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் மின்னேற்றும் நிலையங்களையும் நாட்டினர். தமது மின்செருகியின் அமைப்பைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டனர். 2023இல் அதுவே இந்தியாவின் இலகு மின்வண்டிகளுக்கான தரமாக ஏற்கப்பட்டது.

செருகி ஒரு சிறு பொருள்தான். ஆயினும் அதன் அருமையை இலங்கையின் அனுபவம் உணர்த்தும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரி குறைந்திருந்தமையால் ஜப்பானிய மின்கார்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்திறங்கின. அவற்றின் விரைவு மின்னேற்றச் செருகி ஒரு வகை. இன்று சீனாவிலிருந்து வருபவற்றின் செருகி வேறு வகை. நிலையம் அமைப்பவன் இரண்டையும் வைத்தாக வேண்டும். 2015 இறுதியில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் வரி பன்மடங்கு உயர்ந்தது, இறக்குமதி சரிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே தடைபட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஆண்டுக்கொரு வரி, ஆட்சிக்கொரு கொள்கை என்றிருந்தால், எந்தப் பொறியியலாளன் பத்தாண்டுத் திட்டம் போடுவான்?

2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்த பாடம் கசப்பானது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை. வரிசையிலேயே உயிர்விட்டவர் உளர். அப்போது மின்கார் வைத்திருந்தோர் தப்பினர் எனச் சொல்வது பாதி உண்மை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரமும் நின்றது. மின் உற்பத்திக்கும் நாம் எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பியிருந்ததே காரணம். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் இயங்கும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் படகிற் கட்டிக் கடலுக்குச் செல்லும் மன்னார் மீனவனின் அடுப்பில் அந்த ஒரே அறிவிப்பு நீர் ஊற்றியது. நுரைச்சோலை நிலக்கரி மின்சாரத்தை இரவில் ஏற்றிக்கொண்டு ஓடும் மின்கார், தன் புகையை வேறோர் ஊரில் விட்டுவிட்டு வருகிறது, அவ்வளவே.

ஆதலால் வண்டியைப் பற்றிய வினா, மின்சாரத்தைப் பற்றிய வினாவாக மாறுகிறது. மின்சாரத்தைப் பற்றிய வினாவோ நம்மை நேரே மன்னாருக்கு அழைத்து வருகிறது.

சோளகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் ஏற்பப் பாயை விரித்தும் சுருக்கியும் வாழ்ந்தவர்கள் இத்தீவு மக்கள். அந்தக் காற்றை நம்பி, தீவின் தென்கரை நெடுகிலும் முப்பது காற்றாடிக் கோபுரங்கள் நாட்டப்பட்டன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், இலங்கை மின்சார சபையின் உடைமையாக எழுந்த தம்பபவனி நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற். மின்சாரம் நடுக்குடா உபநிலையத்திற் சேர்ந்து, பெருநிலத்துக்குச் செல்கிறது.

ஒரு கோபுரத்தின் வலு 3.45 மெகாவாற். காற்று எப்போதும் ஒரே சீராக வீசாது; முழு வலுவில் மூன்றில் ஒரு பங்கே சராசரியாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியாயினும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி அலகு. நாளொன்றுக்கு எண்பது கிலோமீற்றர் ஓடும் மின்சார முச்சக்கர வண்டிக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் அலகு போதும். ஆகவே ஒரே கோபுரம் ஐயாயிரம் முச்சக்கர வண்டிகளை ஓட்டவல்லது. பத்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. எத்தனை ஓட்டுநர் குடும்பங்கள் எண்ணெய்க் கடனிலிருந்து மீளும் என்பதையும் அவனே கணித்துக்கொள்ளலாம்.

இன்னொரு முரண்பாட்டையும் நோக்குக. 2025 ஏப்ரிலில், புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வாங்க ஆளின்றி வெயில் வீணாயிற்று! நண்பகலில் மிஞ்சுவதை வண்டிகளின் பற்றரியில் நிரப்பும் நிலையங்கள் ஊர்தோறும் இருந்திருந்தால் அந்த வேண்டுகோளின் தேவை பெரிதும் குறைந்திருக்கும். மின்னேற்றும் நிலையம் வண்டிக்காரனுக்கு மட்டுமன்றி, மின்கட்டமைப்புக்கும் துணையாகும் என்பதைப் பொறியியலாளர் பலமுறை எடுத்துக் கூறிவருகின்றனர்.

ஆனால் கோபுரங்களின் நிழலில் வாழ்வோரின் குரல் வேறாக ஒலிக்கிறது. அடித்தளங்களும் பாதைகளும் மழைநீரின் வழியை மறித்து வெள்ளத்தைத் தேக்குகின்றன என்றும், கரையோர மீன்பாடு குறைந்தது என்றும் அவர்கள் முறையிடுகின்றனர். வலசைப் பறவைகளின் வழி இது எனச் சூழலியலாளர் எச்சரிக்கின்றனர். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்க முன்வந்த அதானி நிறுவனம், மின்விலை பற்றிய மறுபேச்சின் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு திட்டங்களுக்கான பாரிய உறுப்புகள் லொறிகளில் வந்தபோது, 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர்; அரசு ஒரு மாத காலம் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இதனை முன்னேற்றத்தை வெறுக்கும் பழைமைவாதம் எனச் சிலர் கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகின்றனர். அது பொருந்தாக் கூற்று. அம்மக்கள் காற்றையோ மின்சாரத்தையோ வெறுக்கவில்லை. தம் நிலத்தில் விளைவது தமக்குப் பயன்படாது போவதையும், தம்மைக் கேளாமலே முடிவுகள் எடுக்கப்படுவதையும் எதிர்க்கின்றனர். சுமையைக் கரையோரக் குடிசை சுமக்க, சுகத்தைத் தலைநகரின் குளிரூட்டிய கார் அனுபவிப்பது எவ்வகை நீதி? பெற்றோல் காலத்தின் அதே அநீதி, பச்சை வண்ணம் பூசிக்கொண்டு வந்தால் மட்டும் ஏற்கத்தக்கதாகிவிடுமோ? பற்றரிக்கான கோபால்ற்றைக் கொங்கோவின் சுரங்கங்களில் தோண்டும் சிறுவனும் இதே வினாவைக் கேட்கும் உரிமையுடையவன்.

எனவே மின்வண்டியைப் பரப்ப உழைக்கும் பொறியியலாளர்களும் திட்ட வல்லுநர்களும் விமலசுரேந்திரவின் வழியில் மக்களிடம் வருதல் வேண்டும். கோபுரம் நாட்டுவதற்கு முன் கீரியின் மீனவர் சங்கத்தோடும் தாழ்வுபாட்டு, பேசாலை மக்களோடும் அமர்ந்து, நீரோடும் வழியை வரைபடத்திற் குறித்துக்கொள்வது அவர்களின் முதல் வேலை. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் பேருந்து நிலையத்திலும் மீனிறங்குதுறையிலும் மின்னேற்றும் நிலையம் அமைவது இரண்டாவது. மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு மாற்றாகச் சிறு படகுகளுக்கேற்ற மின்மோட்டாரை இக்கடலிலேயே சோதிப்பது மூன்றாவது. நிலையங்களிற் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கு பிரதேச சபைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் சேரச் சட்டம் செய்வது அரசின் கடமை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் கம்பி கிராமத்துக்குப் போகாமையால் மின்வண்டி தோற்றது. இம்முறை மின்சாரம் கிராமத்திலேயே பிறக்கிறது. கீரிக் கரையில் வலை உலர்த்தும் ஒருவரின் படகும், அவர் பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டியும் அந்தக் காற்றில் ஓடும் நாளில், இரண்டாவது முயற்சி வென்றது என்று நாம் எழுதலாம். அந்த நாள் தானாக வராது, கேட்டுப் பெறவேண்டும்.