ஏலமலையின் கூலியும் இரு வேதங்களும்

கொட்டகுடி ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்த போடிநாயக்கனூர், பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் நெடுங்காலம் விளங்கிய ஊரேயாயினும், தேசாந்தரங்களில் அதன் நாமம் பரவியது ஏலக்காயினாலேயே. திருவிதாங்கூர்ச் சீமையின் மலைகளில் விளைந்த காய் போடிமெட்டு வழியே இறங்கி, இவ்வூர் வியாபாரிகளின் கையில் தரம் பிரிந்து, 1928-ல் மதுரையிலிருந்து இரயில் வந்தபின் முன்னிலும் விரைவாக வெளியூர்களுக்குப் போயிற்று. 1956-ல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தைச் சேர்ந்தன. தோட்டம் ஓர் எல்லையிலும் சந்தை மற்றோர் எல்லையிலும் நின்றபோதிலும் தொழிலின் பந்தம் அறுபடவில்லை.

அத்தொழிலில் பல சாதியாரும் சமயத்தாரும் கலந்திருந்தனர். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழ்ந்த இராவுத்தர் முஸ்லிம்கள் வியாபாரத்திலும் தோட்டத்திலும் முன்னின்றார்கள். ஹாஜி கருத்த ராவுத்தரின் பெயரைத் தாங்கி 1956-ல் உத்தமபாளையத்தில் எழுந்த ஹௌதியா கல்லூரி அச்சமூகத்தின் தர்ம சிந்தைக்குச் சாட்சி. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்கள் அதே கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தன. யுத்தகாலத்து உணவுப் பஞ்சத்தின்போது திருவிதாங்கூர் அரசாங்கம் வனநிலங்களைப் பயிருக்குத் திறந்துவிட, 1940-களில் மேற்கிலிருந்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களும் மலையேறின.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாகிய இவ்விரு சமயத்தாருக்கும் விசுவாசத்தில் உள்ள ஒற்றுமை பலரும் அறிந்ததே: சிருஷ்டிகர்த்தாவாகிய ஏக இறைவன், ஆதாம் முதல் ஆபிரகாம், மோசே வரையிலான தீர்க்கதரிசிகள், நியாயத்தீர்ப்பு நாள், கன்னி மரியாளிடம் இயேசு பிறந்தது. குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் மர்யம் என்னும் பெயரையே தாங்கியிருக்கிறது. இயேசுவின் தெய்வத்தன்மையிலும் சிலுவை மரணத்திலும் இருவரும் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாடு பெரிது, அதை மறைத்துச் சமரசம் பேசுவது இருவரையும் அவமதிப்பதாகும். ஆயினும் விளைச்சலையும் கூலியையும் பற்றி இரு வேதங்களும் பேசும்போது, அவை ஏலத்தோட்டத்தின் வரப்பிலேயே நின்று பேசுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

ஏலப்பயிரின் சுபாவத்தை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று சற்றே மூர்க்கங்கொண்டால் நிழல்மரம் முறிந்து தூர்களின்மேல் விழும். மழை இடைவிடாது நின்றால் அழுகல் கண்டு, நேற்றுப் பசுமையாயிருந்த கொத்து இன்று கைக்கு உதவாது போகும். தப்பிப் பிழைத்த பச்சைக்காயும் ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். ஏழைகள் அறியாமல் விடியற்காலையில் அறுவடை செய்துவிடச் சபதமிட்டவர்கள், இரவிலேயே தங்கள் தோட்டம் பாழானதைக் கண்டு வருந்தியதாகக் குர்ஆனின் 68-ஆம் அத்தியாயம் கூறுகிறது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டத் திட்டமிட்ட செல்வன் அன்றிரவே உயிர் துறக்கவிருந்ததை லூக்காவின் சுவிசேஷம் கூறுகிறது. விளைச்சலில் எளியோருக்குப் பங்குண்டு என்பதை மறந்த செல்வத்தின்மீது இரவோடிரவாகத் தீர்ப்பு இறங்குவதையே இரண்டு கதைகளும் சொல்கின்றன.

அப்பங்கின் அளவும் வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணம் விளைச்சலில் தசமபாகத்தைக் கேட்கிறது. இஸ்லாமிய தர்மசாஸ்திரமோ வானம் பார்த்த பயிருக்குப் பத்தில் ஒன்றையும், பாடுபட்டு நீர் இறைத்த பயிருக்கு இருபதில் ஒன்றையும் விதிக்கிறது. உழைப்பு கூடக் கடமை குறையும் அந்த நுட்பம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சேமித்து உண்ணும் தானியம் முதலியவற்றுக்கே அவ்விதி என்பது ஷாஃபி வழியாரின் கொள்கை. இராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி வழிக்கு மூலவரான இமாம் அபூ ஹனீஃபாவோ, பூமி விளைவிக்கும் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்; அவ்வழியில் நோக்கினால் ஏலக்காயும் அந்தக் கணக்கினின்று தப்பாது.

கூலியின் விஷயத்தில் ஒற்றுமை இன்னும் ஆழமானது. வெவ்வேறு வேளைகளில் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆட்களையும், எல்லாரும் ஒரே கூலி பெறுகையில் முந்தி வந்தவர்கள் முறையிட்டதையும், தன் தயையைத் தன் விருப்பப்படி அளிக்கத் தனக்கு உரிமையுண்டென்று எஜமானன் விடையிறுத்ததையும் மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் உவமையாக்குகிறது. புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலும் இதனோடு நெருங்கிய உவமை ஒன்று, வேறு பொருள் தருமாறு, இடம்பெற்றிருக்கிறது. பிடித்து வைத்த கூலி இறைவனின் செவியை எட்டக் கூக்குரலிடுகிறதென்று யாக்கோபின் நிருபம் எச்சரிக்க, வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் இறைவனே எதிர்வழக்காளியென்று ஹதீஸ் எச்சரிக்கிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டுமென்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் அரிது.

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் இன்றும் விடியுமுன் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மலையேறி, தூரடியில் குனிந்து காய் எடுத்து, இருட்டும் வேளையில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்போரில் தொழுகைக்குச் செல்வோரும் உண்டு, திருப்பலிக்குச் செல்வோரும் உண்டு. ஆகையால் இப்பள்ளத்தாக்கின் இமாம்களுக்கும் பாதிரிமார்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆண்டுதோறும் காய் எடுப்புத் தொடங்கும் மாதத்தில் ஒரு ஜும்ஆவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கூலியைப் பற்றிய இந்த வசனங்களுக்கென்றே ஒதுக்கி, தோட்டக்காரர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போதே அவற்றைப் பிரசங்கியுங்கள்.