எண்ணெயை உதறிய சில்லர்

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை 1842-ல் எழுப்பியது, கப்பலில் வந்த பனிக்கட்டியை உருகாமல் காப்பதற்காக. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து அனுப்பிய சரக்கு அது. அதை அனுப்பிய ஃபிரெடரிக் டியூடரின் வியாபாரம் கரைந்துபோனாலும் பனிக்கட்டிக் கணக்கு மட்டும் தங்கிவிட்டது. மாலோ மருத்துவமனையோ, எதற்கு ஏ.சி. பிளான்ட் போட்டாலும் ‘எத்தனை டன்?’ என்பதே முதல் கேள்வி. ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன், ஏறக்குறைய 3.5 கிலோவாட்.

பனிக்கட்டிக்கு எண்ணெய் வேண்டியதில்லை. அதன் இடத்தைப் பிடித்த கம்ப்ரஸருக்கு வேண்டியிருந்தது.

பிஸ்டன் அடித்து வாயுவை அமுக்கும் பழைய இயந்திரங்கள் பெருத்தவை, இடத்தை அடைப்பவை. 1922 மே மாதம் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் பொறியாளர் வில்லிஸ் கேரியர் காட்டிய புதிய சில்லரில், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தில், பிஸ்டன் கிடையாது. வேகமாகச் சுழலும் சக்கரம் வாயுவை வெளிநோக்கி வீசி அழுத்தம் ஏற்றியது. கம்ப்ரஸர் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வந்தது. இரண்டே ஆண்டில் டெட்ராய்ட்டின் ஹட்சன் அங்காடி, தலா 195 டன் திறனுள்ள மூன்று சில்லர்களை வாங்கிப் போட்டது. அதன் நிலவறையில் மலிவு விற்பனை நடக்கும் நாள்களில் நெரிசலும் புழுக்கமும் தாங்காமல் வாடிக்கையாளர்களுக்குத் தலை சுற்றும் நிலை இருந்ததாம். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கும் குளிர்ந்தது. கோடையில் காலியாகக் கிடந்த தியேட்டர்கள் அதன்பின் கோடையையே நம்பிப் பிழைத்தன.

பிஸ்டன் போனதே தவிர எண்ணெய் போகவில்லை. சுழலும் தண்டைத் தாங்கப் பேரிங் வேண்டும். மோட்டாரின் வேகத்தைப் பெருக்கப் பல்சக்கரங்கள் வேண்டும். இரண்டுக்கும் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயை ஓட்ட ஒரு பம்ப், ஆறவைக்க ஒரு கூலர், சூடேற்ற ஒரு ஹீட்டர், வடிகட்ட ஒரு ஃபில்டர். ஒரு வேலைக்காரனுக்கு நான்கு எடுபிடிகள்! அத்தனை காவலையும் மீறி எண்ணெய் கொஞ்சம் குளிர்பதன வாயுவோடு கலந்துவிடும். போய்ச் சேரும் இடம் செப்புக் குழாய்கள். அங்கே படியும் மெல்லிய படலம் வெப்பம் கடப்பதைத் தடுக்க, அதே குளிருக்கு அதிக மின்சாரம் செலவாகும்.

1987-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைக் காக்கப் பழைய வாயுக்களை ஒதுக்கியபோது இந்தத் தொல்லை கூடியது. மாற்றாக வந்த ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு சேராது. அதற்கென வந்த செயற்கை எண்ணெயோ காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

தண்டை எதுவும் தொடாமல் காந்தத்தாலேயே தாங்கினால் என்ன? நிலைக்காந்தங்களை மட்டும் எப்படி அடுக்கினாலும் ஒரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்பது சாமுவேல் எர்ன்ஷாவின் தேற்றம். அவர் கட்டுரை வெளியானதும் நம் ஐஸ் ஹவுஸ் எழுந்த அதே 1842-ல்தான். வழி ஒன்று இருந்தது: தண்டு விலகுவதை உடனுக்குடன் உணர்ந்து மின்காந்தத்தின் பிடியைக் கூட்டிக் குறைப்பது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸ் 1930-களிலிருந்தே இத்தகைய சுழலிகளைச் சோதித்தார். 1976-ல் பிரான்சின் எஸ்2எம் நிறுவனம் காந்தப் பேரிங்கை விற்பனைச் சரக்காக்கியது. கட்டுப்பாட்டு மின்னணுச் சாதனங்களின் விலை இறங்கிய பிறகே அது கட்டடங்களின் பிளான்ட் ரூமுக்குள் நுழைந்தது. எண்ணெயைத் துரத்தியது குளிரூட்டல் வித்தை அல்ல, சிப்தான்.

காந்தப் பேரிங் கம்ப்ரஸருக்காக 1993-ல் மெல்போர்னில் ரான் கான்ரி தொடங்கிய டர்போகோர் முயற்சி கனடாவுக்குப் போய், 2004-ல் டான்ஃபாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, கடைசியில் ஃபுளோரிடாவின் டல்லஹாசியில் நிலைகொண்டது. அதன் முதல் வகைக் கம்ப்ரஸர் 60 முதல் 90 டன் வரைக்கானது. நிமிடத்துக்கு 48,000 சுற்று வரை ஓடக்கூடியது. மின்சாரம் போனால்? சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஜெனரேட்டராகி, தண்டு ஓயும்வரை காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும். அதற்கும் மேல் ஒரு காவலாகச் சாதாரண பேரிங்குகள் காத்திருக்கும்.

இதில் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அமெரிக்க அரசுக் கட்டடங்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.ஏ. அமைப்பு, அர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நீதிமன்றக் கட்டடத்தில் இத்தகைய காந்தச் சில்லர் ஒன்றைப் பொருத்தி அளந்தது. 2013-ல் வந்த அறிக்கை, திருகு வடிவச் சுழலிகளால் வாயுவை அமுக்கும் ஸ்க்ரூ சில்லரோடு ஒப்பிட்டால் 42 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்றது. அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது கணக்கு. வேகம் மாற்றி ஓடும் நல்ல எண்ணெய் சில்லரோடு நிறுத்தினால் இடைவெளி சுருங்கும். சில்லரின் திறனை மதிப்பிடும் அமெரிக்கத் தர அளவுகோலில் முழுச் சுமைக்கு வெறும் 1 சதவீத எடைதான். முக்கால் சுமைக்கு 42, அரைச் சுமைக்கு 45, கால் சுமைக்கு 12. காந்தச் சில்லர் பேர் வாங்குவது இந்தக் குறைந்த சுமை நேரங்களில். ஆனால் சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவர் தண்ணீரும் குளிர்ந்தால்தான் கம்ப்ரஸர் மெதுவாக ஓடி மின்சாரத்தை மிச்சப்படுத்த முடியும். கடலோர ஈரக்காற்றில் அந்தத் தண்ணீர் அவ்வளவு லேசில் குளிராது. ஆகவே சென்னையில் சில்லர் வாங்குபவர் அர்கன்சாவின் வானிலைக் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

பிளான்ட் ரூமில் வேலையும் மாறிவிட்டது. எண்ணெய் மட்டத்தை எட்டிப் பார்ப்பதும், ஃபில்டர் மாற்றுவதும், எண்ணெய் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் ஆபரேட்டரின் கையை விட்டுப் போயின. முன்பு பம்ப் மக்கர் செய்தால் அவரே ஸ்பேனர் எடுத்துப் பார்த்துவிடுவார். இப்போது கன்ட்ரோல் போர்டு போனால் கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரும்வரை, பக்கத்தில் நிற்கும் பழைய எண்ணெய் சில்லரை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.