கட்டபொம்மன் சென்ற வழியும் திரை காட்டிய தலைவனும்

கதைத் தலைவனை எவ்வாறு படைக்க வேண்டும் என்னும் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. பெருங்காப்பியத்திற்குத் தனக்கு ஒப்பாரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தது. மேலைநாட்டு அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு நெறியைக் கண்டு காட்டினார். உலகத்துப் பழங்கதைகளில் தலைவன் தன் இல்லம் விட்டுப் புறப்படுகிறான். வழியில் சோதனைகளுக்கு ஆளாகிறான். மாறிய மனிதனாக மீள்கிறான் என்பது அவர் கருத்து. முன்னையது பிறவியிலேயே நிறைவுற்ற தலைவனைக் காட்டுவது. பின்னையது வழியில் உருவாகும் தலைவனைக் காட்டுவது. வீரபாண்டிய கட்டபொம்மனை இவ்விரு நெறிகளில் எதனால் அறிவது? இவ்வினாவுக்குரிய விடை, நாம் நாள்தோறும் போய்வரும் சேத்தூர் – இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையிலேயே கிடைக்கிறது.

1959இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதி, 1957 முதல் சிவாஜி கணேசன் மேடையேற்றிய நாடகத்தின் வளர்ச்சி ஆகும். சிறுவயதில் தாம் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்பின்பால் ஈர்த்தது என்று அந்நடிகர் கூறியுள்ளார். அப்படத்திற்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசையும் பெற்றார். படத்தின் தலைவன் தண்டி வகுத்த இலக்கணத்தின் வழி வந்தவன். தொடக்கம் முதலே அஞ்சாதவன். இறுதியிலும் அவ்வாறே நிற்பவன். ஜாக்சன் துரையின் முன் அவன் நின்று முழங்கும் காட்சியே தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. ஆனால் அக்காட்சிக்கு முன்னர் வரலாற்றுக் கட்டபொம்மன் கடந்து வந்த நாள்கள் நம் நினைவில் இல்லை.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1798 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 3310 பகோடா. கலெக்டர் ஜாக்சன், இராமநாதபுரத்தில் தம்மை வந்து காணுமாறு ஆகஸ்டில் ஆணை அனுப்பினார். ஆனால் அவரோ அப்போது பாளையங்களில் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்தார். கட்டபொம்மன் குற்றாலத்திற்குச் சென்றார், பேட்டி மறுக்கப்பட்டது. சொக்கம்பட்டி, சேத்தூர் வழியாகப் பின்தொடர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்தார், அங்கும் மறுக்கப்பட்டது. இராமநாதபுரத்தில்தான் காண முடியும் என்பதே கிடைத்த விடை. பின்னர்ப் பேரையூர், கமுதி எனத் தொடர்ந்த இவ்வலைச்சல் 23 நாள்கள், ஏறத்தாழ 400 மைல் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

ஒரு பாளையத்தின் அதிபதி, பிற பாளையக்காரர்கள் கண்ணெதிரே, அவர்தம் எல்லைகளினூடே, ஓர் அதிகாரியின் கூடாரத்தைத் தேடி அலைந்தார் என்பது ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சேத்தூரும் சிவகிரியும் மேற்குப் பாளையங்கள். பாஞ்சாலங்குறிச்சியோ கிழக்குப் பாளையம். தன் மண்ணில் படும் அவமதிப்பினும் அயலார் மண்ணில் படும் அவமதிப்பு கொடிது. அதனைத் தாங்கி அவர் மேலும் சென்றார். இதனை அச்சம் என்று கொள்ளுதல் பொருந்தாது. போரின்றிச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்னும் நம்பிக்கையே அவரை நடத்திச் சென்றது எனலாம்.

செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கட்டபொம்மனைச் சிறைப்படுத்த முயன்றபோது ஊமைத்துரையும் வீரர்களும் கோட்டைக்குள் நுழைந்தனர். லெப்டினண்ட் கிளார்க் கொல்லப்பட்டார், அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். கதைத் தலைவன் எனில் இக்கணமே போர்முரசு கொட்டியிருப்பான். கட்டபொம்மனோ சென்னை அரசாங்கத்திற்கு முறையிட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகியோர் அடங்கிய குழு விசாரித்தது. டிசம்பரில் அதன் முன் தோன்றித் தம் பக்கத்தை எடுத்துரைத்தார். குற்றமற்றவர் எனக் குழு கண்டது. சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிழந்தார், லஷிங்டன் கலெக்டரானார். நிலுவையிலும் பெரும்பகுதி செலுத்தப்பட்டு, எஞ்சியது 1080 பகோடா மட்டுமே.

வழக்கில் வென்ற பின்னரும் போர் ஏன் மூண்டது? அதற்குரிய காரணங்களுள் ஒன்றும் நம் வட்டாரத்திலேயே உள்ளது. 1799இல் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர் கூட்டணி அமைக்க முனைந்த கட்டபொம்மன், இணைய மறுத்த சிவகிரியின்மேல் படை செலுத்தினார். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டிய பாளையம். ஆகவே கம்பெனி இதனைத் தன் அதிகாரத்திற்கு விடப்பட்ட அறைகூவலாகவே கொண்டது. பானர்மேன் தலைமையில் படை வந்தது. செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஓராண்டுக்கு முன் பேட்டி வேண்டி எந்த மேற்குப் பாளையங்களின் வழியே சென்றாரோ, அப்பாளையங்களை நோக்கியே இப்போது படையுடன் வந்தார். இவ்விரு வருகைகளுக்கும் இடையே மனிதர் மாறிவிட்டார். கேம்பல் கூறும் சோதனையும் மாற்றமும் இங்கே உள்ளன. மீட்சி மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை; 1801இல் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிக் கோட்டையை மீண்டும் எழுப்பிய ஊமைத்துரைக்கே அது சிறிது காலம் வாய்த்தது.

திரைக்கலைஞர் செய்தது பிழை என்பது என் கருத்தன்று. விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டிற்கு, வளையாத தலைவன் ஒருவன் தேவைப்பட்டான். கூத்து மரபும் அத்தகையவனையே தந்திருந்தது. மூன்று மணி நேரத்துள் 23 நாள் பொறுமையைக் காட்டுவதும் எளிதன்று. ஆயினும் அப்பொறுமையை நாம் மறந்துவிட்டால் ஓர் இழப்பு நேர்கிறது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை உரைத்தார். தறுகண் அவற்றுள் ஒன்றே. திரை அவ்வொன்றைப் பேருருவாக்கித் தந்தது. வரலாறோ, போரைத் தவிர்க்க இயன்றவரை முயன்று, இயலாதபோது உயிரைக் கொடுத்த ஒரு மனிதரைத் தருகிறது. பின்னவரே பெரியவர் என்பது என் துணிபு.

ஜாக்சன் முன் நின்ற கட்டபொம்மனை இவ்வட்டாரத்து இளைஞர் அனைவரும் அறிவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாயில் மறுக்கப்பட்டு நின்ற கட்டபொம்மனையும் அவர்கள் அறிதல் வேண்டும். உள்ளூர் வரலாற்றைத் தேடித் தொகுப்பதில் நம் இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டைச் செலவிடுமாயின், இப்பணி இனிதே கைகூடும்.