பெயரை மறைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள்

சத்ரபதி சிவாஜி என்று சொல்லி மகாராஷ்டிரத்தில் ஒரு காலத்தில் அச்சிட்டு வழங்கிவந்த படம் அவருடையதே அல்ல. இப்ராகிம் கான் என்ற வீரருடையது. ஒரு டச்சு அதிகாரியின் கடிதத்தோடு இருந்த சித்திரத்தைக் கண்டெடுத்து, உண்மையான முகம் இதுதான் என்று நிறுவியவர் வா. சீ. பேந்த்ரே. 1933இல் புனேயில் அந்தப் படம் வெளியிடப்பட்டது.

புனேக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கே பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் நான், ஒன்பதாம் வகுப்பில் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு மக்கள் கூட்டமே உயிராக நினைக்கும் தலைவரின் முகத்திலேயே இப்படி ஆள் மாறும் என்றால், படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் பெயரையும் விசாரிக்கத்தான் வேண்டும். அதனால் எங்கள் வகுப்பில் எந்த உருவப்படத்தைக் காட்டினாலும் பெயரை ஒரு தாளால் மறைத்துவிடுவேன். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருக்கு நகை, யாருக்கு இல்லை, வரையச் சொல்லிக் காசு கொடுத்தது யாராக இருக்கும் என்று பிள்ளைகளே பேச வேண்டும்.

இதற்கு நான் நம்பியிருக்கும் படம் ஜேம்ஸ் வேல்ஸ் வரைந்தது. ஸ்காட்லாந்துக்காரர். 1791இல் பம்பாய் வந்து, அடுத்த வருஷம் புனேக்கு வந்தார். மராட்டிய ராஜ்யத்தை ஆண்ட பேஷ்வா சவாய் மாதவராவையும் அவருடைய அமைச்சர் நானா பட்னவீஸையும் பணியாட்களோடு அவர் தீட்டிய ஓவியம் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அதன் அச்சுப்பிரதி.

முத்துமாலைகளோடு இளைஞர் ஒருவர். பக்கத்தில் ஒடிசலான, நீண்ட முகத்துப் பெரியவர். பெயர் தெரியாத நிலையிலும், "டீச்சர், நகை போட்டிருப்பவர் ராஜா, ஆனால் சொல்வதைச் செய்யவைப்பவர் இந்தத் தாத்தா" என்றாள் ஒரு மாணவி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் சொன்னது அப்படியே வரலாறு. மாதவராவின் தந்தை நாராயணராவ் 1773இல் சனிவார் வாடா அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மறுவருஷம் பிறந்த குழந்தைக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பேஷ்வா பட்டம் கட்டி, அதன் பெயரால் ராஜ்யத்தை நடத்தியவர் நானா. படம் வரைந்தபோது பேஷ்வாவுக்கு வயது 18, நானாவுக்கு 50. மூன்றே வருஷத்தில், 1795 அக்டோபரில், அதே அரண்மனையின் மாடத்திலிருந்து விழுந்து அந்த இளைஞர் இறந்துபோனார்.

நிற்பவர்களின் பெயர் என்ன என்று எல்லா வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். தாளை எடுத்துக் காட்டுவேன். 'பணியாட்கள்' என்று மட்டும் இருக்கும்.

வேல்ஸை இங்கே ஆதரித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர் சார்லஸ் மாலட். திப்பு சுல்தானுக்கு எதிராக 1790இல் பேஷ்வாவின் தர்பாரில் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். அந்தத் தர்பார் காட்சியையும் ஓவியமாக்க விரும்பினார். வேல்ஸ் முகங்களைத் தனித்தனியாக வரைந்து சேர்த்தார். 1795 நவம்பரில் அவரும் காலமானார். அந்த முகச் சித்திரங்களைக் கொண்டு தாமஸ் டேனியல் 1805இல் இங்கிலாந்தில் படத்தை முடித்தார். இன்று அது டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. நேரில் பார்த்ததுபோல் அத்தனை துல்லியம். ஆனால் அந்தத் தர்பார் நடந்த நாளில் இரண்டு ஓவியர்களில் ஒருவர்கூடப் புனேயில் இல்லை. தூதருக்குத் தன் வெற்றி எப்படித் தெரிய வேண்டும் என்றிருந்ததோ அதற்கு அந்தப் படம் நல்ல சாட்சி. அன்றைக்கு நடந்தவற்றுக்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாலட்டின் தூண்டுதலால் சனிவார் வாடாவுக்குள் ஒரு சித்திரப் பள்ளியும் நடந்தது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கங்காராம் சிந்தாமண் தாம்பட். தாம்பட் என்றால் செம்புக் கன்னார். வேல்ஸின் மாணவர் என்று ஒரே வரியில் இவரை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேஷ்வாவின் விலங்குச் சாலையிலிருந்த காண்டாமிருகத்தை அவர் வரைந்தது 1790இல். வேல்ஸ் அப்போது இந்தியாவுக்கே வரவில்லை. எல்லோராவுக்குப் போய் குகைக் கோயில்களையும் வரைந்தார். மாலட்டின் கட்டுரையோடு அந்தச் சித்திரங்கள் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' ஆறாம் தொகுதியில் வந்தன. மாணவர் என்று எழுதும்போதே, ஏற்கெனவே கைதேர்ந்தவர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

சனிவார் வாடாவிலிருந்து நடக்கும் தூரத்தில், கஸ்பா பேட்டில், தாம்பட் ஆளி என்ற தெரு இன்றும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். செம்புப் பாத்திரத்தை இரும்புத் தாங்கியின் மேல் கவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடியே சுத்தியலால் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு பளபளப்பான குழி. வரிசை பிசகாமல், ஒன்றை ஒன்று தொட்டபடி, குழிகள் பாத்திரத்தைச் சுற்றி வருகின்றன. மத்தார் வேலை என்பார்கள். கோடு போட்டுக்கொண்டு செய்வதில்லை, கண் அளவுதான். கங்காராமின் கைக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அந்தத் தெருவில் நின்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அரண்மனை 1828இல் எரிந்துபோய் மதிலும் வாயிலும் அடித்தளமும்தான் மிச்சம். கங்காராமின் சித்திரங்கள் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பெயரை மறைத்துப் பார்க்கும் இந்தப் பயிற்சியைத் தமிழ்நாட்டிலும் செய்யலாம். தஞ்சாவூருக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய கோயிலைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவில் ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. சாகக் கிடக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கையைத் தஞ்சை மன்னர் சரபோஜி பிடித்திருப்பதாக அங்கே ஒரு பளிங்குச் சிற்பம். சரபோஜியே சொல்லி, ஜான் பிளாக்ஸ்மன் இங்கிலாந்தில் செதுக்கியது. அவர் தஞ்சையைப் பார்த்ததே இல்லை. மன்னர் தம்மை ஏன் இப்படிக் காட்டச் சொன்னார், கட்டிலருகே நிற்கும் பிள்ளைகள் யார் என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். கல்வெட்டைப் படிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.